பிங் ஏன் ஏறுகிறது? ஆன்லைன் விளையாட்டு இணைப்புக் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் பிரிண்டர் மை தீர்ந்தது என்று வருவார்கள். இப்போது பள்ளி விட்டதும் பையன்கள் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "அண்ணா, பிங் ஏறுகிறது" என்று வந்து நிற்கிறார்கள். ஒரே பதிலை ஒரு நாளைக்கு நான்கு முறை சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகள் அவர்கள் கேட்டவைதான். எழுத்துக்காகப் பேச்சை மட்டும் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.

1. எல்லோரும் பிங் பிங் என்கிறார்கள். அது என்ன, எவ்வளவு இருந்தால் நல்லது?

உங்கள் செல்போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ ஒரு சிறு தகவல் விளையாட்டு சர்வருக்குப் போய், அதற்குப் பதில் திரும்பி வர ஆகும் நேரம்தான் பிங். மில்லி விநாடியில் சொல்வார்கள். ஆயிரம் மில்லி விநாடி சேர்ந்தால் ஒரு விநாடி. 60க்குள் இருந்தால் எதையும் குறையில்லாமல் ஆடலாம். 100ஐத் தாண்டினால் சுடுகிற ஆட்டங்களில் தாமதம் கைக்குத் தெரியும். 150க்கு மேல் போனால், சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பிறகும் சாவீர்கள். செஸ், லூடோ ஆடுகிறவர்களுக்கு 200 இருந்தாலும் கவலையில்லை.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. நம் ஊரிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர 2,000 கிலோமீட்டர் என்றால் 10 மில்லி விநாடி. அதற்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியிலுள்ள கருவிகளும் தம் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இங்கிருந்து மும்பை சர்வருக்கு 30 முதல் 45 வரை வந்தால் அது நல்ல இணைப்பு. பிங்கை 5 ஆக்கித் தருவதாகச் சொல்லும் செயலிக்குப் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

2. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறோம். பிறகும் ஏன் லேக் (ஆட்டம் திணறித் தாமதமாவது)?

வாய்க்காலை அகலப்படுத்தினால் ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் போகும். அணையில் திறந்த தண்ணீர் உங்கள் மடைக்கு வந்து சேரும் நேரம் அதனால் பாதியாகிவிடாது. எம்பிபிஎஸ் என்பது அகலம். பிங் என்பது வந்து சேரும் நேரம். விளையாடும்போது போய்வருகிற தகவல் மிகச் சிறிது, 1 எம்பிபிஎஸ் கூடத் தேவைப்படாது. விளையாட்டை இறக்கவும் அப்டேட் செய்யவும்தான் பெரிய பிளான் உதவும்.

"பிளான் மாற்றியதும் பிங் குறைந்தது அண்ணா" என்பவர்களை விசாரித்தால், பிளானோடு புது ரூட்டரும் வந்திருக்கும். வீட்டில் பலர் ஒரே நேரத்தில் இணையத்தைப் பயன்படுத்தினால் மட்டும் கதை வேறு. அது 7ஆம் கேள்வியில்.

3. கோளாறு எங்கள் வீட்டிலா, நெட் கம்பெனியிலா, விளையாட்டு சர்வரிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பாதை மூன்று துண்டு: உங்கள் கருவியிலிருந்து வீட்டு ரூட்டர் வரை, ரூட்டரிலிருந்து நெட் கம்பெனி வரை, அங்கிருந்து விளையாட்டு சர்வர் வரை. எந்தத் துண்டு கெட்டது என்று தெரியாமல் ரூட்டரை மாற்றுவதும் பிளானை மாற்றுவதும், எந்த வால்வு அடைத்தது என்று பார்க்காமல் மோட்டாரைக் கழற்றுவது போல.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்பதன் நான்கு ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு 192.168.1.1 என்று ரூட்டரின் முகவரி (சில வீடுகளில் 192.168.0.1), மறுபடி ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறியோடு 'டி' எழுத்து. என்டர் தட்டினால் நீங்கள் நிறுத்தும்வரை வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். லேன் வயரில் (ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக வரும் கேபிள்) இருந்தால் எல்லா வரியும் 1 மில்லி விநாடிக்குள் வர வேண்டும். வைஃபையில் 2 முதல் 5. நடுவில் 80, 200 என்று துள்ளினால் கோளாறு வீட்டுக்குள்தான் இருக்கிறது. கம்பெனிக்குப் போன் போட வேண்டாம். இந்தத் துண்டு சுத்தமாக இருந்தால் இன்னொரு ஜன்னலில் 8.8.8.8ஐ அதே மாதிரி ஓட விடுங்கள். அங்கே துள்ளினால் கோளாறு லைனில். இரண்டும் சுத்தம், விளையாட்டுக்குள் மட்டும் பிங் ஏறுகிறது என்றால் மூன்றாம் துண்டு.

ஒரு எச்சரிக்கை. 8.8.8.8 கூகுளுடையது, அதே முகவரி உலகில் பல ஊர்களில் இருக்கிறது, பக்கத்தில் இருப்பது பதில் சொல்லும். அதற்கு 15 வருகிறது என்பதற்காக விளையாட்டு சர்வருக்கும் 15 வர வேண்டும் என்று யாரிடமும் வாதாடாதீர்கள். லைன் ஆடுகிறதா, நிற்கிறதா என்று பார்க்கத்தான் அது.

4. நண்பர்கள் எல்லோரும் ஆடுகிறார்கள். எனக்கு மட்டும் "சர்வருடன் இணைக்க முடியவில்லை" என்று வருகிறது.

முதலில் அப்டேட் பாருங்கள். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு புதுப் பதிப்பின் சர்வருக்குள் நுழைய முடியாது. அடுத்தது ஃபயர்வால், உள்ளே வெளியே போகும் இணைப்புகளைக் காவல் காக்கும் மென்பொருள்: விளையாட்டை முதல் முறை திறந்தபோது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டிருக்கும், அவசரத்தில் "கேன்சல்" அழுத்தியிருப்பீர்கள். அமைப்புகளுக்குள் போய் அந்த விளையாட்டுக்கு அனுமதி கொடுங்கள்.

மூன்றாவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை: கடிகாரம். போன வருடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. எந்த விளையாட்டிலும் லாகின் ஆகவில்லை. பாதி இணையதளங்கள் திறக்கவில்லை. வலது மூலையில் தேதி 2015 ஜனவரி 1 என்று இருந்தது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்குமே, அது தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை கரண்ட் போனதும் தேதி பின்னால் ஓடியிருக்கிறது. சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழின் செல்லுபடி நாள் இன்னும் தொடங்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும், இணைப்பை மறுத்துவிடும். சின்ன பேட்டரி ஒன்றுதான் செலவு.

5. ஒரே நாளில் எல்லோருக்கும் போய்விட்டது. இது நெட் பிரச்சினையா?

பெரும்பாலும் சர்வர் பராமரிப்பாக இருக்கும். விளையாட்டு நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். சில நேரம் அரசாங்க ஆணையாகவும் இருக்கும். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்யப்பட்டது. அதன் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில் வந்து, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்ப வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் போனது. ஒவ்வொரு முறையும் பத்துப் பேராவது ரூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதைத் தட்டித் துடைத்துக் கொடுத்ததற்கு நான் காசு வாங்கவில்லை.

6. வைஃபை முழுப் புள்ளி காட்டுகிறது. ரூட்டருக்கே பிங் துள்ளுகிறது.

புள்ளி என்பது சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டும். எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்பதைக் காட்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். தெருவில் இருபது ரூட்டர் இருந்தால் அந்த மூன்றில்தான் முட்டிக்கொள்கின்றன. ப்ளூடூத் ஹெட்செட்டும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான். கருவியில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். அது சுவரைத் தாண்டச் சிரமப்படும், ஆனால் கூட்டம் குறைவு.

ரூட்டர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். நான் போன வீடுகளில் பாதியில் அது இரும்பு பீரோவுக்குப் பின்னால் அல்லது டிவிக்கு அடியில் ஒளிந்திருக்கும், பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதாம். தகரக் கொட்டகை, பழைய கல் சுவர், இவை அலையைத் திருப்பி அடிக்கும் அல்லது விழுங்கும். எல்லாவற்றுக்கும் மேலான வைத்தியம் ஒரு லேன் வயர். மீட்டர் கணக்கில் வாங்கிச் சுவரோரம் ஆணி அடித்துக் கொண்டுபோனால் இந்தக் கேள்வியே தீர்ந்தது.

7. அக்கா மொபைலில் வீடியோ அனுப்ப ஆரம்பித்தால் எனக்கு பிங் 400. அவள் வேண்டுமென்றே செய்கிறாளா?

இல்லை. அவள் அனுப்பும் வீடியோ அப்லோடு பாதையை நிரப்புகிறது. மீதியை ரூட்டர் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. உங்கள் சின்னத் தகவலும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. சந்தை நாளில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சைக்கிள் மாதிரி. பலருடைய வீடுகளில் இதைச் செய்வது அக்காகூட இல்லை. போனில் இருக்கும் புகைப்படங்கள் தாமாகவே மேகச் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

ரூட்டர் அமைப்பில் கியூஓஎஸ் (எந்தத் தகவலுக்கு முதலிடம் என்று பார்த்து அனுப்பும் வசதி) என்று இருந்தால் அதை இயக்கி, மொத்த வேகத்தை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் என்று வையுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், வரிசை சேராது. எஸ்கியூஎம் என்று வரிசை சேராமல் தானே கவனித்துக்கொள்ளும் வசதி இருக்கும் ரூட்டர் கிடைத்தால் அது இன்னும் திறமாகச் செய்யும். இதைப் போட்ட பிறகு அக்காளும் தம்பியும் சண்டை போட்டால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

8. அம்மா கிரைண்டர் போட்டால் நெட் போய்விடுகிறது. கடையில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நான் சிரிக்கமாட்டேன், நேரில் பார்த்திருக்கிறேன். ஓடாநிலை பக்கம் ஒரு வீட்டில் ரூட்டரும் கிரைண்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில். மோட்டார் கிளம்பும் நொடியில் நிறைய மின்சாரம் இழுக்கும், மின்னழுத்தம் ஒரு கணம் விழும். அடாப்டர் புதிதாக இருந்தால் அந்தக் கணத்தைத் தாங்கிக்கொள்ளும். நான்கைந்து வருடப் பழையது தாங்காது. ரூட்டர் அணைந்து எழும், இரண்டு மூன்று நிமிடம் போகும். அந்த வீட்டு அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. பிளக் முள்ளில் கருப்பு ஏறியிருந்தது.

ரூட்டரை வேறு பாயிண்ட்டுக்கு மாற்றி, அதே வோல்ட், அதே ஆம்பியர் போட்ட புது அடாப்டர் வாங்குங்கள். ஆம்பியர் குறைவான அடாப்டரைப் போட்டால் இதே நோய் வேறு வடிவில் வரும். ரைஸ் மில், தறிக்கூடம் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதுவே பதில்.

9. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் வருகிறது, ஆனாலும் ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது.

இன்வெர்ட்டர் கைமாறும் இடைவெளியில் ரூட்டர் அணைந்துவிடுகிறது. பல இன்வெர்ட்டர்களில் "யுபிஎஸ் மோட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் வைத்தால் இடைவெளி சுருங்கும். அதைவிடச் சுலபம், ரூட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ்.

அதுவும் வைத்த பிறகு, மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் நெட் போகிறதா? உங்கள் வீட்டுக்கு வருவது முழு ஃபைபர் என்றால் தெருவில் கரண்ட் தேவையில்லை. வழியில் ஒளியைப் பிரிப்பது வெறும் கண்ணாடி. கம்பெனியின் நிலையத்தில் மட்டும் கரண்ட் இருந்தால் போதும். கம்பத்தில் தொங்கும் பெட்டியிலிருந்து லேன் வயர் இழுத்துக் கொடுத்திருந்தால், அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனதும் உங்களுக்கும் போகும்.

10. ஆடி மாதம் வந்தால் நெட் விட்டு விட்டு வருகிறது. காற்று நெட்டைக் கெடுக்குமா?

காற்று கெடுக்காது, ஆடுகிற கேபிள் கெடுக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுக்கு அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நமக்கு ஃபைபர் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கித்தான் வருகிறது. தென்னை மட்டை விழும், இணைப்புப் பெட்டிக்குள் அசைவு ஏறும், அணில் கடித்த இடம் அன்றைக்குத்தான் முழுதாக முறியும். மழைத்துளி கண்ணாடியை ஒன்றும் செய்யாது. இணைப்புப் பெட்டிக்குள் இறங்கும் தண்ணீர்தான் செய்யும்.

வீட்டுப் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். சிவப்பில் மின்னினால் ஒளியே வரவில்லை. ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். சிவப்பு இல்லை, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்றால் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு இருக்கும். டிபிஎம் என்ற அளவில் மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் ஒரு நூலில் தொங்குகிறது. ஒரு ஓட்டு வீட்டில் மைனஸ் 28 காட்டியது. மேலே பார்த்தால் கறுப்பு ஃபைபர் வயரை விட்டத்து ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கொடிக்கயிற்றைக் கட்டி, அதில் ஈரப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. வளைவு இறுகினால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். கயிற்றை அவிழ்த்து, சுற்றைத் தளர்த்தியதும் மைனஸ் 22. போர்வைக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

11. இரவு எட்டு மணி முதல் பதினொன்று வரை மட்டும் பிங் ஏறுகிறது. பகலில் தங்கம் மாதிரி.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்காலில் கடைமடைக்காரர்கள் படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. மேலே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கீழே நூலாகத்தான் வரும். இரவு எட்டு மணிக்கு ஊரே படம் பார்க்கிறது. உங்கள் பகுதிக்கு வரும் மொத்தத் திறன் போதாவிட்டால் வரிசை கம்பெனியின் பக்கம் சேரும். 7ஆம் கேள்வியில் சொன்ன அதே வரிசை, இம்முறை உங்கள் கைக்கு எட்டாத இடத்தில்.

நீங்கள் செய்யக்கூடியது சாட்சி சேர்ப்பது. 3ஆம் கேள்வியின் சோதனையை மாலை நான்கு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும், மூன்று நாள் செய்து, திரையைப் படம் எடுத்து வையுங்கள். எப்படிப் பயன்படுத்துவது என்பது 19இல்.

12. டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்று வீடியோவில் சொன்னார்கள்.

குறையாது. டிஎன்எஸ் என்பது பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் ஆள். முகவரி கிடைத்து நீங்கள் வண்டியில் ஏறிய பிறகு அவருக்கு வேலை இல்லை. லாகின் பக்கமே திறக்காமல் சுற்றுகிறது என்றால் மட்டும் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

13. பிங் 40தான் காட்டுகிறது. ஆனால் ஆள் குதித்துக் குதித்துப் போகிறான்.

அது பாக்கெட் இழப்பு, அதாவது தகவல் துண்டுகள் வழியில் தொலைவது, அல்லது பிங் நிலையில்லாமல் ஆடுவது. வேகமான ஆட்டங்கள் பெரும்பாலும் யூடிபி முறையில் பேசுகின்றன; வழியில் தொலைந்த தகவலைத் திரும்பக் கேட்டு வாங்க அந்த முறையில் ஏற்பாடு இல்லை. படம் பார்க்கும்போது தொலைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரம் இருக்கிறது, அதனால்தான் "யூடியூப் நன்றாக ஓடுகிறதே" என்கிறீர்கள். நூற்றில் இரண்டு தொலைந்தாலே ஆட்டத்தில் தெரியும்.

திரையில் தெரியும் 40 என்பது சராசரி. 20, 20, 20, 100 என்று வந்தாலும் சராசரி 40தான். 3இல் சொன்ன பிங் வரிகளை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கண்ட்ரோல் பொத்தானோடு 'சி' அழுத்தி நிறுத்தினால் எத்தனை தொலைந்தது, அதிகபட்சம் எவ்வளவு என்று கடைசியில் சொல்லும். அதிகபட்சத்தைப் பாருங்கள், சராசரியை விடுங்கள்.

14. தோப்பு வீட்டில் இருக்கிறோம், மொபைல் டேட்டாதான். வழி உண்டா?

தென்னை ஓலையில் இருக்கும் ஈரம் அலையை விழுங்கும். மழை பெய்து ஓலை நனைந்த அன்று இன்னும் மோசம். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாட்ஸ்பாட் போடுவதைவிட, சிம் போடும் ரூட்டர் ஒன்றை டவர் இருக்கும் திசையின் ஜன்னலில், முடிந்தால் மாடியில் வையுங்கள். 5ஜி வலுவில்லாத இடத்தில் போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் ஒரு சறுக்கல். அமைப்பில் 4ஜி மட்டும் என்று பூட்டினால் பெரும்பாலும் நிலைக்கும்.

15. நாங்கள் நான்கு பேர் சேர முடியவில்லை. "நாட் ஸ்ட்ரிக்ட்" என்று வருகிறது. மைன்கிராஃப்ட் சர்வரும் வைத்தேன், வெளியிலிருந்து யாரும் நுழைய முடியவில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்று. உங்கள் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன, இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் நாட். வெளியிலிருந்து தானாக வரும் தகவலை எந்தக் கருவிக்குக் கொடுப்பது என்று ரூட்டருக்குத் தெரியாது, எறிந்துவிடும். முதல் வைத்தியம், ரூட்டரில் யூபிஎன்பி (விளையாட்டு கேட்டால் தானாகவே வழி திறந்துவிடும் வசதி) இயக்குவது. சர்வர் வைப்பவர்கள் போர்ட் ஃபார்வேர்ட் செய்ய வேண்டும், அதாவது இந்த எண்ணுக்கு வருவதை இந்தக் கருவிக்குக் கொடு என்று ரூட்டரிடம் சொல்லி வைக்க வேண்டும்: மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு 25565, டிசிபி, பெட்ராக் பதிப்புக்கு 19132, யூடிபி. கம்ப்யூட்டரை அப்படியே டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கருவிக்கு அனுப்பும் அமைப்பு) போடச் சொல்லும் வீடியோவை நம்பாதீர்கள். கதவைத் திறப்பதற்குப் பதிலாகச் சுவரை இடிக்கும் வேலை அது.

16. போர்ட் ஃபார்வேர்ட் சரியாகத்தான் செய்தேன். பிறகும் வரவில்லையே?

ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி (கம்பெனி உங்கள் ரூட்டருக்குக் கொடுத்தது) என்று ஒன்று இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது, உங்கள் வீட்டில் ரூட்டர் செய்வதையே கம்பெனியும் தெருவுக்கே செய்கிறது. இருக்கும் பழைய வகை (ஐபிவி4) முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. இந்தக் கூட்டுக் குடித்தன ஏற்பாட்டுக்கென்றே 2012இல் இந்த எண்கள் ஒதுக்கப்பட்டன. உங்கள் வீட்டுக் கதவை எவ்வளவு திறந்து வைத்தாலும் காம்பவுண்ட் கேட் பூட்டியிருக்கிறது.

வழிகள்: கம்பெனியிடம் மாத வாடகைக்கு நிலையான முகவரி கேட்பது, இரு பக்கமும் ஐபிவி6 என்ற புது வகை முகவரி இருந்தால் அதில் இணைவது, டெயில்ஸ்கேல், ஜீரோடயர் மாதிரி உங்கள் கருவிகளை ஒரே வலையில் சேர்க்கும் செயலி ஒன்றை நண்பர்கள் எல்லோரும் நிறுவிக்கொள்வது. நான்கு பேர் ஆடுவதற்குக் கடைசி வழி போதும்.

17. சென்னை சர்வர் பக்கம்தானே? மும்பையைவிட அதற்கு ஏன் பிங் அதிகம்?

நல்ல கேள்வி, கடையில் இதைக் கேட்டவன் பத்தாம் வகுப்பு. கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி சில ஆட்டங்களுக்கு சென்னையிலும் மும்பையிலும் சர்வர் உண்டு. வரைபடத்தில் சென்னை பக்கம். ஆனால் தகவல் வரைபடத்தைப் பார்த்துப் போவதில்லை. உங்கள் கம்பெனியும் சர்வர்காரரும் எந்த ஊரில் கை கோத்திருக்கிறார்களோ அந்த ஊர் வழியாகப் போகும். என் சொந்தக் கடை இணைப்பிலேயே முன்பு சென்னைத் தகவல் மும்பை போய்த் திரும்பியது. பக்கத்து ஊருக்குப் போக ஜங்ஷன் போய் வண்டி மாறுவது போல.

ட்ரேஸ்ரூட் கட்டளை வழியிலுள்ள நிறுத்தங்களைக் காட்டும். நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பதற வேண்டாம். அந்தக் கருவி பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வரும் எல்லா வரியிலும் நேரம் ஏறியே இருந்தால்தான் அங்கே கோளாறு. கடலுக்கு அடியிலும் இதே கதைதான்: 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஐரோப்பிய சர்வரில் ஆடுகிறவர்களுக்கு பிங் ஏறியது, தகவல் சுற்றுவழியில் போனது.

18. அப்படியென்றால் விபிஎன் போட்டால் வழி மாறுமே? சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகனோடு ஆடவும் வேண்டும்.

விபிஎன் என்பது உங்கள் தகவலை இடையில் இன்னொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை. வழி மாறும், மேலே சொன்ன சுற்றுவழி மாதிரி இருந்தால் சில நேரம் நன்மைதான். பெரும்பாலும் நிறுத்தம் ஒன்று கூடுகிறது, பிங்கும் கூடுகிறது. "இந்தியா" என்று பட்டியலில் இருப்பதை நம்பாதீர்கள். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் மத்திய அரசின் ஆணை வந்ததும் பல விபிஎன் நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. இந்திய முகவரி தரும் கருவி வெளிநாட்டில் இருக்கலாம். சில ஆட்டங்கள் விபிஎன் கண்டால் கணக்கையே முடக்கும்.

மாமா மகன் விஷயம்: சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 3,100 கிலோமீட்டர். 1இல் போட்ட கணக்குப்படி குறைந்தது 31. நடைமுறையில் 60, 70 வந்தாலே மகிழ்ச்சி. சர்வர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்காரர் ஜெயிப்பார். வாரம் மாற்றி ஊர் மாற்றிக்கொள்ளுங்கள்.

19. கம்பெனிக்குப் போன் செய்தால் "ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்பதைத் தவிர எதுவும் சொல்வதில்லை.

"லேக் அடிக்கிறது" என்றால் அவர்களுக்கும் வேறு பதில் கிடையாது. இப்படிச் சொல்லுங்கள்: "லேன் வயரில் சோதித்தேன். ரூட்டருக்கு 1 மில்லி விநாடி, இழப்பு இல்லை. 8.8.8.8க்குப் பகல் நான்கு மணிக்கு 18, இரவு ஒன்பது மணிக்கு 140, நூற்றில் ஆறு தொலைகிறது. மூன்று நாள் படம் இருக்கிறது. ஒளி அளவு மைனஸ் 21." இப்படிப் பேசினால் போனை உள்ளே யாரிடமாவது கொடுப்பார்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். லைன்மேன் வீட்டுக்கு வந்தால் பகலில் வராமல் கோளாறு வரும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். பகலில் வந்து பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று போய்விடுவார்.

20. இரவு 12 மணிக்கு மேல் சர்வரையே அரசாங்கம் அடைத்துவிடும் என்கிறார்களே?

அது வேறு. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2025இல் வந்த விதி, பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் பண ஆட்டங்களையே தடை செய்யும் மத்தியச் சட்டமும் வந்தது. உங்கள் துப்பாக்கி ஆட்டம் 12 மணிக்கு நின்றால் அப்பா ரூட்டரை அணைத்திருப்பார்.

21. ஏனுங்க, தோற்றுப்போனால் பையன் தினமும் நெட்டின் மேல் பழி போடுகிறான். உண்மைதானா?

அப்பாக்கள் கேட்பது. பாதி உண்மை இருக்கும், பார்த்துவிடுங்கள். அவன் ஆடும்போது இன்னொரு ஜன்னலில் 3ஆம் கேள்வியின் பிங் வரிகளை ஓடவிட்டு, நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவன் "லேக் அடித்துவிட்டது" என்று கத்தும் நேரத்தில் எண் துள்ளுகிறதா பாருங்கள். ஒரு அப்பா அப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். மறுநாள் காலை கடை திறக்கும் முன்னே வந்து நின்றார். லேன் வயர், 15 மீட்டர், இரு பக்கமும் கிளிப் அடித்து.